எழுத்தும் கணக்கும்

இந்தி, உருது ஆகிய இரு மொழிகளிலும் புகழ்பெற்ற பிரேம்சந்த், 1923-ஆம் ஆண்டு காசியில் சரஸ்வதி அச்சகத்தைத் தொடங்கினார். 1930-இல் ‘ஹன்ஸ்’ இதழையும் ஆரம்பித்தார். அச்சகம் நட்டத்தில் நடந்தது. இதழ் அச்சுமையைக் கூட்டியது. கடனை அடைக்க 1934-இல் பம்பாய்க்குச் சென்று திரைப்படங்களுக்குக் கதை எழுதினார். மறு ஆண்டே திரும்பிவிட்டார். ‘கோதான்’ நாவல் வெளிவந்த 1936-ஆம் ஆண்டிலேயே, 56-ஆம் வயதில் காலமானார். பேனா ஈட்டியதை அச்சகம் விழுங்கியது என்பதே அவர் வாழ்க்கை நமக்குச் சொல்லும் பாடம்.

இன்று நூல் வெளியிட அச்சகம் வாங்க வேண்டியதில்லை. ஆயினும் சொந்தச் செலவில் நூலை அச்சிட்டு, விளம்பரத்துக்கும் செலவழித்து, விற்காத பிரதிகளைப் பரணில் அடுக்குவோர் நம்மிடையே உண்டு. எழுதுவது ஒரு தொழில், விற்பது வேறொரு தொழில் என்பதை உணர்ந்தால் இரண்டையும் காக்கலாம்.

முதலாவது, நேரம். மனம் தெளிந்திருக்கும் வேளையை எழுத்துக்கு ஒதுக்குவோம். கடிதப் போக்குவரத்தும் விளம்பர வேலையும் எஞ்சிய பொழுதுக்குரியவை.

இரண்டாவது, பணம். நூலுக்கென்று தனிச் சேமிப்புக் கணக்கு தொடங்குவோம். இழந்தாலும் குடும்பம் தாங்கக்கூடிய தொகையை மட்டும் அதில் இடுவோம். விற்பனைப் பணமும் உரிமைத்தொகையும் அதிலேயே சேரட்டும். அடுத்த நூலின் செலவு அக்கணக்கிலிருந்தே வர வேண்டும். பிள்ளைகளின் படிப்புக்கான வைப்பிலிருந்து அன்று.

மூன்றாவது, ஒப்பந்தம். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையை மாற்றிக்கொடுப்பது எழுத்துப்பூர்வமாகக் கையொப்பத்துடன் அமைய வேண்டும். காலம் குறிப்பிடப்படாவிட்டால் அது 5 ஆண்டுகளுக்கே செல்லும். நிலப்பரப்பு குறிப்பிடப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும். ஆகவே ‘அனைத்து உரிமைகளும், எக்காலத்துக்கும்’ என்ற வரியைக் கண்டால் கையொப்பமிடுமுன் நிதானிப்போம். அச்சு, மொழிபெயர்ப்பு, திரைப்படம், ஒலிநூல் ஆகியவற்றைத் தனித்தனியாகப் பேசி முடிவு செய்யலாம்.

இவ்வளவு கவனம் ஏனெனில், எழுத்தாளர் வாழ்நாளில் வெளியான நூலின் பதிப்புரிமை அவர் மறைவுக்குப் பின்னும் 60 ஆண்டுகள் நீடிக்கிறது. அதுவும் குடும்பச் சொத்தே. வீட்டுப் பத்திரத்தைப் பெட்டகத்தில் வைக்கும் நாம், நூலின் ஒப்பந்தத்தையும் அதனருகில் வைப்போம். அது எங்கே இருக்கிறது என்பதை வீட்டாரிடமும் சொல்லி வைப்போம்.