மலரைத் துலக்கமாகப் படம் பிடித்தல்

2023ஆம் ஆண்டு ஆடித் திங்களில் ஊரிலிருக்கும் எம் அன்னையாருக்கு வலக்கண்ணில் புரை நீக்கும் சிகிச்சை நடைபெற்றது. அவர்கள் இருப்பது தென்காசிக்கு அருகே ஒரு சிற்றூரில். நாம் இருப்பதோ ரயில்வே ஊழியத்தின் பொருட்டு வங்காளத்துக் கரக்பூரில். விடுப்புக் கிட்டவில்லை. கட்டு அவிழ்த்த கண்ணுக்கு இனியதொன்றை அனுப்பலாமே என்று எண்ணினோம். முந்தைய ஆண்டு ஊர் வீட்டிலிருந்து ஈரத்துணியில் சுற்றி, இரண்டு இரவு ரயிலில் கொணர்ந்து குவார்ட்டர்ஸ் வாசலில் நட்ட செம்பருத்திக் கிளை, நற்காலமாக அன்று காலைதான் முதற்பூப் பூத்திருந்தது. செல்பேசியைப் பூவின் முகத்தருகே கொண்டுபோய்ப் படமெடுத்துத் தம்பியின் செல்பேசிக்கு அனுப்பிவைத்தோம்.

மாலையில் அன்னையார் பேசினார்கள். “நம் வீட்டுப் பூவா அய்யா அது? ஒன்றுமே துலங்கவில்லையே. புகை மூடினாற்போல் இருக்கிறது. கண் பழையபடி ஆகிவிட்டது போலிருக்கிறது” என்று குரல் தழுதழுத்தார்கள். இரண்டு இரவு அவர்கள் உறங்கவில்லை. மூன்றாம் நாள் தம்பி தன் வேலையை விட்டுப் பேருந்தேற்றி ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றான். மருத்துவர் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லிச் சோதித்தார். அதன்பின் செல்பேசியை வாங்கிப் பார்த்தாராம். “அம்மா, உங்கள் கண்ணில் புரை இல்லை, உங்கள் பிள்ளை எடுத்த படத்தில்தான் புரை இருக்கிறது” என்றாராம்.

கேட்டவர்கள் நகைத்தார்கள். தம்பியின் ஒரு நாள் கூலி போனது நம்மாலன்றோ என்ற எண்ணத்தால் நமக்கு நகைப்பு வரவில்லை. அன்று தொடங்கி மூன்று திங்கள், காலைப் பணி இல்லாத நாள்களிலெல்லாம் அச்செடியின் முன் அமர்ந்து இக்கலையைப் பயின்றோம். கற்றதை அன்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை. நாம் பத்தாம் வகுப்போடு நின்றவர்கள். ஆகவே இதில் விளங்காத கணக்கு எதுவும் இராது.

முதற்கண், நமது பிழை யாதெனப் பார்த்தோம். அந்தப் படத்தைப் பெரிதாக்கியபோது பூ மங்கலாக இருக்க, அதன் பின்னாலிருந்த சுவரின் காரை வெடிப்புகள் மயிரிழை பிசகாமல் பதிந்திருந்தன! எந்த லென்ஸுக்கும் ஓர் அணுக்க எல்லை உண்டு. அதற்கும் உள்ளே வந்த பொருளை அதனால் துலக்கிக் காட்ட இயலாது. செல்பேசிகளுள் பெரும்பாலானவற்றின் முதன்மை லென்ஸுக்கு அவ்வெல்லை ஏறக்குறைய 10 செ.மீ. நாமோ நாலு விரற்கடையில் நீட்டினோம். பூவைப் பற்ற முடியாத கருவி, பின்னாலிருந்த சுவரைப் பற்றிக்கொண்டது. செல்பேசியே கையிலுள்ள அன்பர்கள் ஒரு சாண் பின்வாங்கி, படத்தை இருமடங்கு பெரிதாக்கும் பொத்தானைத் தொட்டு, திரையில் பூவின் மீது விரலைச் சற்று அழுத்தி வைத்து எடுப்பார்களாயின், பாதிக் குறை அப்போதே தீரும்.

பின்னர், உடன் பணிபுரியும் நண்பரொருவரிடம் பழைய டிஜிட்டல் காமிரா ஒன்றை அரை விலைக்கு வாங்கினோம். 18 முதல் 55 மி.மீ. வரையிலான சாதாரண லென்ஸ் அதனோடு வந்தது. இதன் அணுக்க எல்லை 25 செ.மீ. லென்ஸின் முகத்திலிருந்து அளக்கும் தொலைவன்று இது. காமிராவின் உள்ளே படம் பதியும் தகட்டிலிருந்து அளப்பது. காமிராவின் மேற்புறத்தில் வட்டத்தின் குறுக்கே கோடிட்ட சிறு குறி ஒன்று இருக்கும். தகடு இருக்குமிடம் அதுவே. ஆதலால் லென்ஸின் முகத்துக்கும் பூவுக்கும் இடையே ஒரு சாணுக்கும் குறைவாகவே இருந்தாலும் குற்றமில்லை.

காமிரா வந்ததும் படம் தெளிந்துவிட்டதா என்றால், அதுதான் இல்லை. முதல் நாள் எடுத்த நாற்பதில் ஒன்றேனும் தேறவில்லை. இதழ் தெளிந்தால் நடுத்தண்டு மங்கியது. தண்டு தெளிந்தால் இதழ் கரைந்தது. காரணம் விளங்க நமக்குப் பல நாள் ஆயிற்று. காமிரா காட்டும் துலக்கம் பொருள் முழுவதையும் தழுவுவதன்று. காமிராவுக்கு எதிரே, அதன் தகட்டுக்கு இணையாக நிற்கும் மெல்லிய அட்டை ஒன்றைக் கற்பனை செய்துகொள்க. அந்த அட்டைக்குள் அகப்பட்டது தெளியும். முன்னும் பின்னும் உள்ளது மங்கும். தொலைவிலுள்ள கோபுரத்தை எடுக்கையில் அவ்வட்டை பல கஜம் தடிமன் உடையது. பூவை நெருங்க நெருங்க அது மெலிந்துகொண்டே வரும். பூவின் 4 செ.மீ. நம் காமிராவின் தகட்டில் 1 செ.மீ. ஆகப் பதியும் அளவுக்கு நெருங்கினால், எஃப் 5.6 என்னும் திறப்பில் அதன் தடிமன் 4 அல்லது 5 மி.மீ. மாத்திரமே. எஃப் 8-இல் ஏறக்குறைய 6 மி.மீ.; எஃப் 16-இல் 12 மி.மீ. எண் பெருகப் பெருகத் துளை சிறுக்கும், அட்டை தடிக்கும். அப்படியாயின் எஃப் 22-க்கே போய்விடலாமே எனின், துளை மிகச் சிறுத்தால் ஒளி அதன் விளிம்பிற் சிதறிப் படம் முழுவதுமே சற்று மழுங்குகிறது. நாம் எஃப் 8-க்கும் எஃப் 11-க்கும் இடையிலேயே நின்றுவிடுகிறோம்.

இனி, செம்பருத்தியை நோக்குக. அதன் நடுத்தண்டு ஒரு விரல் நீளத்துக்கு வெளியே நீண்டு, நுனியில் ஐந்து செம்பொட்டுகளைத் தாங்கி நிற்கிறது. நேரே முகத்துக்கு முகம் வைத்து எடுத்தால் அவ்விரல் நீளம் 6 மி.மீ. அட்டைக்குள் எங்ஙனம் அடங்கும்? பக்கவாட்டில் சென்று, தண்டு முழுவதும் காமிராவின் முதுகுக்கு இணையாகக் கிடக்குமாறு அமர்ந்து எடுத்தோம். தண்டும், மகரந்தப் பொடியும், ஐந்து பொட்டும் ஒருசேரத் தெளிந்தன. இதழ்கள் பின்னே மென்மையாகக் கரைந்தன. அதுவும் அழகாகவே இருந்தது. பல படங்களை வெவ்வேறு தொலைவில் எடுத்துக் கணிப்பொறியில் ஒன்றாக இணைக்கும் முறையும் உண்டு. அது நிறைந்த பொறுமை உடையாருக்கு. நமக்கு எட்டு மணிக்கு அலுவலகம்.

அட்டை இத்துணை மெலிதாக இருக்கையில், காமிரா தானாகவே துலக்கம் தேடும் வசதியை நம்புவது வீண். அது முன்னும் பின்னும் தடுமாறி, கடைசியில் ஏதேனும் ஓர் இலையில் போய் நிற்கும். லென்ஸின் பக்கத்திலுள்ள விசையைத் தள்ளிக் கைமுறைக்கு மாற்றிக்கொள்க. வளையத்தைத் திருகி, அணுக்க எல்லைக்குச் சற்று முன்னே நிறுத்துக. அதன்பின் வளையத்தைத் தொட வேண்டா. பின்புறத் திரையில் காட்சியைப் பெரிதாக்கிப் பார்த்தவாறே உடம்பை மெல்ல முன்னும் பின்னும் சாய்த்து, பொட்டுகள் தெளியும் கணத்தில் விசையை அழுத்துக. பிளாட்பாரத்தில் நம் பெட்டி சற்றுத் தள்ளி நின்றால், வண்டியா நம்மிடம் பின்னோக்கி வரும்? நாமன்றோ நடந்து போய் ஏறுகிறோம்!

காற்றும் கைநடுக்கமும் அடுத்த பகைவர்கள். பூவை நெருங்கும்போது நம் கைநடுக்கமும் அதே அளவுக்குப் பெரிதாகிறது. முக்காலி வாங்கப் பணமில்லை. பழைய ஸ்டூலின் மேல் மணல் நிறைத்த துணிப்பையை வைத்து அதன் மேல் காமிராவைக் கிடத்தினோம். விசையைத் தொட்ட இரண்டு விநாடி கழித்துப் படம் விழுமாறு திருப்பி வைத்தால், விரலின் அதிர்ச்சியும் சேராது. விடியற்காலையில் காற்று ஓய்ந்திருக்கும். அப்போதும் அசைந்தால், துடைப்பக் குச்சி ஒன்றை ஊன்றி, பூவின் காம்பை நூலால் தளரக் கட்டுக. நம் மகள் குடை பிடித்து நின்றாள். பள்ளிக்கு நேரமாகிறதென்று அவள் முணுமுணுத்ததையும் இங்கே குறிப்பிடுவதே நியாயம். கையிலேயே பிடித்து எடுப்போர் ஒரு விநாடியில் 250-இல் ஒரு பங்கு, அல்லது அதனினும் விரைவாக வைத்துக்கொள்வது நன்று.

செந்நிறப் பூவுக்கு இன்னுமொரு சூழ்ச்சி உண்டு. இது நம்மைப் பல வாரம் ஏமாற்றியது. துலக்கம் சரியாக இருந்தும் இதழ் வழித்தெடுத்த சாயம் போலத் தெரியும். வெயிலில் சிவப்பு அளவுக்கு மீறிப் பதிந்து, இதழின் நரம்புகள் அதில் மூழ்கிவிடுகின்றன. மேகமூட்டத்திலோ நிழலிலோ எடுத்து, ஒளியின் அளவையும் ஒரு படி குறைத்தபோது நரம்புகள் வெளிப்பட்டன.

ஐப்பசியில், தீபாவளிக்கு முந்தைய வாரம், மனம் நிறைந்த ஒரு படம் கிடைத்தது. வாட்ஸ்அப் வழியாகப் படமாகவே அனுப்பினால் அது சுருங்கித் துலக்கம் குறைகிறதென்பதை ஒருமுறை சூடுபட்டு அறிந்திருந்தோமாகையால், கோப்பாக இணைத்து அனுப்பினோம். அன்று அலுவலகத்தில் கணக்குப் புத்தகத்தில் மனம் பதியவில்லை.

மாலையில் மணி ஒலித்தது. “நம் வீட்டுப் பூவேதான் அய்யா. அஞ்சு பொட்டும் எண்ணிப் பார்த்தேன்” என்றார்கள் அன்னையார். சற்று நேரம் பேச்சில்லை. அதன்பின், “தண்டின் அடியிலே எறும்பு ஒன்று ஏறுகிறதே, பார்க்கவில்லையா? எறும்பு வந்தால் மாவுப்பூச்சி வந்திருக்கும். இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்” என்றார்கள்.

மூன்று திங்கள் அப்பூவையே உற்று நோக்கிய நாம் அந்த எறும்பைக் கண்டதில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் இலையைத் திருப்பினோம். வெள்ளை வெள்ளையாக அப்பியிருந்தது.