உப்பு தீரல மாமா, பிளேட்தான் அடைச்சிருக்கு!

செமஸ்டர் முடிஞ்சதும் காசு போட்டு ஈ.சி.ஆர். பக்கம் ஒரு நாள் வில்லா எடுக்கிறது நம்ம பசங்களுக்கு வழக்கம்தான். உத்தண்டி, முட்டுக்காடு தாண்டினா, "இது சால்ட் வாட்டர் பூல், குளோரினே கிடையாது"ன்னு பெருமையா சொல்லுவாங்க. நம்பாதீங்க. சால்ட் வாட்டர் பூல்லயும் கிருமியைக் கொல்றது குளோரின்தான். அதை டப்பாவுல வாங்கிப் போடாம, அங்கேயே தயாரிக்கிறாங்க. வித்தியாசம் அவ்வளவுதான்.

கடல் தண்ணியில லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு இருக்கு. இந்தக் குளத்துக்கு 3 கிராம் சொச்சம் போதும். நம்ம கண்ணீர்ல இருக்கிற உப்பை விடக் கம்மி. 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் ஆழம்னு ஒரு வீட்டுக் குளத்தை எடுத்துக்குவோம். அது 38,400 லிட்டர் பிடிக்கும். லிட்டருக்கு 3.2 கிராம்னா மொத்தம் கிட்டத்தட்ட 123 கிலோ, அதாவது ரெண்டரை மூட்டை. சமையலுக்கு வாங்குற அயோடின் உப்பு வேண்டாம். மண்ணும் இரும்பும் கலந்த கல்லுப்பும் வேண்டாம், தரையில கறை பிடிக்கும். சுத்திகரிச்ச, எதுவும் சேர்க்காத உப்புதான் சரி.

பம்ப் ஓடும்போது இந்தத் தண்ணி 'செல்'னு ஒரு குழாய்க்குள்ள போகும். உள்ளே ருத்தேனியம் மாதிரி உலோக ஆக்சைடு பூசின டைட்டானியம் பிளேட்டுங்க இருக்கும். டி.சி. கரன்ட் பாஞ்சதும் ஒரு பக்கம் குளோரின், இன்னொரு பக்கம் ஹைட்ரஜனும் காரமும் உருவாகும். முதல் வருஷ கெமிஸ்ட்ரியில படிச்ச அதே எலெக்ட்ரோலிசிஸ்தான். அந்தக் குளோரின் கிருமியோட சண்டை போட்டு முடிச்சதும் மறுபடி குளோரைடா மாறிடும். அதனால உப்பு செலவாகிறதே இல்ல. வெயில்ல தண்ணி ஆவியானாலும் உப்பு அங்கேயே தங்கிடும். மழையில குளம் நிரம்பி வழிஞ்சாலோ, ஃபில்டரைக் கழுவித் தண்ணியை வெளியே விட்டாலோதான் குறையும்.

இது தெரியாமத்தான் போன கோடையில சேலையூர்ல எங்க மாமா மாட்டிக்கிட்டார். குளம் பச்சை கட்டிடுச்சு, டெஸ்ட் கிட்ல குளோரின் பூஜ்யம். "உப்பு தீர்ந்திருக்கும்டா"ன்னு ரெண்டு மூட்டை கொட்டிட்டார். இருந்த 123 கிலோவோட இன்னொரு 100 கிலோ சேர்ந்து, லிட்டருக்கு 5.8 கிராம் ஆயிடுச்சு. கன்ட்ரோலர் 'உப்பு அதிகம்'னு காட்டிட்டு நின்னே போச்சு.

செல்லைக் கழட்டிப் பார்த்தா, பிளேட் மேல வெள்ளையா சுண்ணாம்பு. காரணம் போர் தண்ணி. வெயில்ல ஆவியாகிற அளவுக்கு தினமும் போர் தண்ணியை விட்டுட்டே இருந்தார். தண்ணி போயிடும், அதுல இருந்த கால்சியம் போகாது. செல்லுக்குள்ள காரம் உருவாகிற பிளேட்லதான் அந்தக் கால்சியம் முதல்ல படியும். படிஞ்சா கரன்ட் பாயாது, குளோரின் வராது.

இதைத் தடுக்கிற வேலை பெருசா ஒண்ணும் இல்ல, ஆனா விடாம செய்யணும். வாரம் ரெண்டு தடவை பி.எச். பாருங்க, 7.2ல இருந்து 7.8க்குள்ள இருக்கணும். உப்புக் குளத்துல அது தானாவே ஏறிக்கிட்டே இருக்கும். 7.5ல குளோரின்ல பாதிதான் சுறுசுறுப்பா கிருமியைக் கொல்ற வடிவத்துல இருக்கும்; 8க்குப் போனா கால்வாசிதான். ஏறினா கொஞ்சம் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் விட்டு இறக்கணும். குளோரின் லிட்டருக்கு 2 முதல் 4 மில்லிகிராம் வெச்சுக்கலாம். நம்ம வெயில் குளோரினைச் சீக்கிரம் அழிச்சிடும்கிறதால, சயனூரிக் ஆசிட்ங்கிற ஸ்டெபிலைசரும் அளவா வேணும். மணிக்கு 10 கிராம் குளோரின் தயாரிக்கிற செல் 8 மணி நேரம் ஓடினா, இந்தக் குளத்துக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம் கிடைக்கும். கரன்ட் போய் பம்ப் நின்னா அதுவும் கிடையாது.

செல்லைக் கழுவணும்னா முதல்ல மெயினை ஆஃப் பண்ணுங்க. கிளவுஸ், கண்ணாடி போடுங்க. தண்ணியிலதான் ஆசிட்டை ஊத்தணும், ஆசிட்ல தண்ணியை ஊத்தவே கூடாது. பக்கத்துல பிளீச்சிங் பவுடர் இருந்தா தூரமா எடுத்து வைங்க. ரெண்டும் கலந்தா வர்றது விஷ வாயு.

சரி, மாமா கொட்டின அந்த 100 கிலோ? தண்ணியில கரைஞ்ச உப்பை வீட்டுல வெச்சுப் பிரிக்க சுலபமான வழி இல்ல. சுமார் 17,000 லிட்டரை வெளியே விட்டு, அந்த அளவுக்குப் புதுத் தண்ணி ஊத்தணும். 12,000 லிட்டர் லாரிக் கணக்குல ஒன்றரை லாரி.

அந்தத் தண்ணியை எங்கே விடுறதுன்னு பார்த்தப்பதான் எனக்கு பக்குனு ஆச்சு. வீட்டு டிரெய்ன் பைப் போய் சேர்ற இடம், கேட் பக்கத்துல இருக்கிற மழைநீர் சேகரிப்புத் தொட்டி! 2003ல தமிழ்நாடு முழுக்கக் கட்டாயமாக்கினாங்களே, அதேதான். மழைத் தண்ணியை நிலத்துக்குள்ள இறக்கிற குழியில 100 கிலோ உப்பை இறக்கியிருப்போம். அதுக்கப்புறம் அந்தத் தெரு முழுக்க போர்ல அதைத்தான் குடிக்கணும். 2019 ஜூலையில ஜோலார்பேட்டையில இருந்து ரயில்ல தண்ணி கொண்டு வந்த ஊர் இது. நெம்மேலியில 2013ல இருந்து கடல் தண்ணியோட உப்பை எடுக்க ஒரு ஆலையே ஓடுது. நாள் ஒண்ணுக்கு 10 கோடி லிட்டர். 2024ல இன்னொரு 15 கோடி லிட்டர் ஆலையும் வந்தாச்சு. அங்கே அவ்வளவு செலவு பண்ணி எடுக்கிற உப்பை, இங்கே நாம நிலத்துக்குள்ள விடலாமா?

கடைசியில கழிவுநீர் லாரியைக் கூப்பிட்டு அனுப்பினோம். டிரெய்ன் பைப்பையும் மழைநீர்த் தொட்டியில இருந்து பிரிச்சாச்சு. மணல் ஃபில்டருக்குப் பதிலா கார்ட்ரிட்ஜ் ஃபில்டர் போட்டா, கழுவி வெளியே விடுற தண்ணி இன்னும் குறையும். மாமா யோசிச்சிட்டு இருக்கார்.

அடுத்த தடவை ஈ.சி.ஆர்.ல வில்லா எடுத்தா, குதிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டே கேள்வி கேளுங்க: "இன்னைக்கு பி.எச். எவ்வளவு? ஃபில்டர் கழுவின தண்ணி எங்கே போகுது?" ரெண்டுக்கும் பதில் சொல்ல ஆள் இருந்தா, தாராளமா குதிங்க.