வா என்றான், வேலை இல்லை என்றான்!

ஆள் பிடிக்கும்போது தேனொழுகப் பேசுவதும், ஆள் வந்து சேர்ந்தபின் கை விரிப்பதும் கங்காணிக்கு மட்டுமே தெரிந்த வித்தை என்று யாரும் எண்ண வேண்டாம். கங்காணி தலைப்பாகை கட்டிக்கொண்டு செய்ததை ஆஸ்திரேலியாவில் கோட்டும் டையும் அணிந்த மந்திரிகள் செய்தார்கள். ஒப்பந்தம் எழுதி, முத்திரை குத்தி, கப்பல் ஏற்றிச் செய்தார்கள்.

கப்பல் ஏறியவர்கள் நம்மவர்களல்லர். நம் நிறத்தாரை அந்த நாடு அன்று வாசற்படியிலேயே நிறுத்தியது. வெள்ளையர்க்கு மட்டுமே இடம் என்று 1901-ல் சட்டம் போட்ட நாடு அது. அந்தக் கொள்கையின் கடைசி எச்சத்தைத் துடைக்க 1973 வரை ஆயிற்று. எனவே நாம் முதலில் சொல்லப்போவது வெள்ளைத்தோல் தொழிலாளியின் கதை. தோல் வெளுத்திருந்தால் முதலாளி தனிச் சலுகை காட்டுவான் என்று நம்மிடையே நினைப்பவர் உண்டு. காட்டினானா என்று பார்ப்போம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945-ல் ஆஸ்திரேலியாவில் குடியேற்றத்துக்கென்றே ஒரு மந்திரி பதவி ஏற்பட்டது. முதல் மந்திரி ஆர்தர் கால்வெல், தொழிற்கட்சிக்காரர். பெரிய கண்டம், சிறிய ஜனத்தொகை, வடக்கே ஜப்பான் வந்து மிரட்டிவிட்டுப் போன பயம் இன்னும் தெளியவில்லை. மக்களைப் பெருக்கு, இல்லையேல் மாண்டு போ என்பதே அன்றைய முழக்கம். அணை கட்ட ஆள் வேண்டும், உருக்காலைக்கு ஆள் வேண்டும், கரும்பு வெட்ட ஆள் வேண்டும். ஐரோப்பாவிலோ, போரில் வீடிழந்து நாடிழந்து முகாம்களில் முடங்கிக் கிடந்தார்கள் இலட்சக்கணக்கானோர். அவர்களில் சுமார் 1,70,000 பேரை 1947 முதல் சில ஆண்டுகளில் ஆஸ்திரேலியா அழைத்துக்கொண்டது.

தர்மத்துக்கா அழைத்தது? இல்லை. இரண்டாண்டு ஒப்பந்தம். சர்க்கார் எந்த ஊரைக் காட்டுகிறதோ அந்த ஊர், எந்த வேலையைக் காட்டுகிறதோ அந்த வேலை. ஆண் என்றால் ‘கூலியாள்’, பெண் என்றால் ‘வீட்டு வேலைக்காரி’. பதிவேட்டில் இந்த இரண்டே இனம்! லாட்வியாவில் டாக்டராக இருந்தவரும் கூலியாள்தான். போலந்தில் பள்ளிக்கூடம் நடத்திய அம்மையாரும் வேலைக்காரிதான். கணவனைத் தொலைதூரத்து வேலைக்களத்துக்கு அனுப்பினார்கள். மனைவி மக்களை வேறொரு ஊரின் முகாமில் வைத்தார்கள். போரில் பிரியாமல் தப்பி வந்த குடும்பங்களைச் சமாதான காலத்தில் பிரித்து வைத்த பெருமை அந்த ஏற்பாட்டுக்கு உண்டு.

ஒன்றை மறைக்கக் கூடாது. 1949-ல் தொடங்கி 1974-ல் முடிந்த ‘ஸ்னோயி’ மலை நீர்மின் திட்டத்தில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர் உழைத்தார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். கூலி நன்றாகத்தான் இருந்தது. அந்தத் திட்ட வேலையில் 121 பேர் மாண்டார்கள். இன்று அந்நாட்டில் பலர் வீட்டு விளக்கு எரிவதில் அவர்கள் பங்கு உண்டு.

வேலை இருக்கும்வரை இப்படி. வேலை போய்விட்டால்?

விக்டோரியா மாநிலத்தின் எல்லையோரம், ஹியூம் அணையின் ஏரிக்கரையில், போனகில்லா என்றொரு இடம். பழைய பட்டாள முகாம். தகரக் கொட்டகைகள், உள்ளே பலகை அடைக்காத வெறுந்தகரம். கோடையில் அடுப்பு, குளிரில் பனிக்கட்டி. 1947 முதல் 1971 வரை மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் அந்தக் கொட்டகைகள் வழியேதான் ஆஸ்திரேலியாவுக்குள் காலடி வைத்தார்கள். காலையில் ஆட்டுக்கறி, மதியம் ஆட்டுக்கறி, இரவும் ஆட்டுக்கறி என்று பலரும் பின்னாளில் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். நம் ஊரில் இதைக் கேட்டால் ‘கொடுத்து வைத்தவர்கள்’ என்பார்கள்! ஆனால் வாழ்நாளெல்லாம் வேறு உணவு தின்று வளர்ந்த இத்தாலியனுக்கு, கொழுப்பு உறைந்த செம்மறிக்கறி மூன்று வேளையும் தொண்டையில் இறங்கவில்லை. அதுகூடப் பெரிதில்லை. வேலை இருந்தால் எதையும் விழுங்கலாம்.

கொரியாப் போர் நடந்த நாளில் ஆஸ்திரேலியக் கம்பளிக்குப் பொன்விலை கிடைத்தது. ஒரு இராத்தல் கம்பளிக்கு ஒரு பவுன் என்று பண்ணையார்கள் குதித்தார்கள். 1951-ல் அந்த விலை சரிந்தது. 1952 மார்ச்சில் சர்க்கார் இறக்குமதிக்குக் கடிவாளம் போட்டது. ஆலைகளில் ஆட்குறைப்பு. ஆனால் 1951-ல் இத்தாலிய சர்க்காருடன் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, இத்தாலியிலிருந்து இளைஞர்களை ஏற்றிய கப்பல்கள் வந்துகொண்டே இருந்தன. விலை விழுந்தது கப்பலுக்குத் தெரியுமா? போனகில்லாவில் வந்து குவிந்தவர்கள் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். ஊரில் தாய் தகப்பன் கடிதத்தை எதிர்பார்த்திருப்பார்கள். கடிதத்தோடு வரும் பணத்தையும் எதிர்பார்த்திருப்பார்கள். என்ன எழுதுவது?

1952 ஜூலையில் அவர்கள் பொறுமை உடைந்தது. ‘வேலை கொடு, இல்லையேல் ஊருக்கு அனுப்பு’ என்று கேட்டுக் கிளம்பினார்கள். இதைவிட நியாயமான கோரிக்கையை யாராவது எழுதிக் காட்டட்டும்! அதற்கு மென்சீஸ் சர்க்கார் அளித்த விடை, பட்டாளம். அருகிலிருந்த ராணுவ முகாமிலிருந்து சிப்பாய்கள் வரவழைக்கப்பட்டார்கள். வேலை கேட்டவனுக்குத் துப்பாக்கியைக் காட்டும் வழக்கத்தில் கிழக்கென்ன மேற்கென்ன?

பாடம் கற்றார்களா? பத்தாண்டு கழியுமுன் அதே இடத்தில் அதே காட்சி. 1960 நவம்பரில் நிதி மந்திரி ஹரால்ட் ஹோல்ட், விலைவாசி ஏறுகிறது, இறக்குமதி பெருகுகிறது என்று சொல்லி, வங்கிக் கடனை நெரித்தார். மோட்டார் கார் விற்பனை வரியை 30 சதவீதத்திலிருந்து 40 சதவீதமாக ஏற்றினார். கார் வாங்குவோர் பின்வாங்க, கார் ஆலைகள் ஆட்களை வீதிக்கு அனுப்பின. கார் ஆலை தும்மினால் கண்ணாடி ஆலைக்கும் டயர் ஆலைக்கும் இரும்பு வார்ப்படத்துக்கும் காய்ச்சல். வேலையில்லாதோர் பட்டியல் ஒரு இலட்சத்தைத் தாண்டியது. சில மாதங்களில் அந்தக் கார் வரியைத் திரும்பப் பெற்றார்கள். போன வேலை திரும்பவில்லை. 1961 ஜூலையில் போனகில்லாவில் மீண்டும் கொந்தளிப்பு. இந்த முறை இத்தாலியரோடு ஜெர்மானியரும் யூகோஸ்லாவியரும் சேர்ந்துகொண்டனர். ‘எங்களுக்கு வேலை வேண்டும்’ என்ற அட்டைகள்; வேலை அலுவலகத்தின் கண்ணாடிகள் நொறுங்கின; போலீசோடு கைகலப்பு; கைது.

1961 டிசம்பரில் தேர்தல் வந்தது. எதிர்க்கட்சித் தலைவராக நின்று வேலையில்லாத் திண்டாட்டத்தைச் சொல்லி வாக்குக் கேட்டவர் யார் தெரியுமா? கால்வெல்! குடியேற்றக் கப்பலைத் தொடங்கி வைத்த அதே கால்வெல். மென்சீஸ் மயிரிழையில் தப்பினார். 62-க்கு 60 என்ற கணக்கு. மோர்ட்டன் தொகுதியில் வெறும் 130 வாக்கு வித்தியாசம் அவர் ஆட்சியைக் காப்பாற்றியது. போனகில்லாவில் கண்ணாடி உடைத்தவர்களுக்கு அந்தத் தேர்தலில் வாக்கில்லை. பிரஜையாக ஐந்தாண்டு காத்திருக்க வேண்டும் அல்லவா? வேலை போகும்போது முதல் வரிசை, வாக்குச் சாவடியில் வரிசையே இல்லை.

இனி நாம் சொல்வது சங்கத் தோழர்கள் கவனமாகக் கேட்க வேண்டிய செய்தி.

மெல்போர்ன் நகரின் வடக்கே பிராட்மெடோஸ். அங்கே போர்டு கார் ஆலை. இத்தாலியர், கிரேக்கர், யூகோஸ்லாவியர், துருக்கியர் என்று வந்தேறிய தொழிலாளர்களே அங்கு மிகப் பெரும்பான்மை. ஓடும் வரிசையின் வேகம் மனிதனைத் துரத்தும். மூத்திரம் பெய்யப் போவதற்கும் மேஸ்திரியின் அனுமதி வேண்டும். 1973 மே மாதம் வேலை நிறுத்தம். சில வாரங்கள் கழிந்ததும், திரும்பிப் போகலாம் என்று சங்கத் தலைவர்கள் முடிவு சொன்னார்கள். எந்த மொழியில் சொன்னார்கள்? பெரும்பாலும் ஆங்கிலத்தில்! கேட்டவர்களில் எத்தனை பேருக்கு அது புரிந்தது என்று அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. ஜூன் 13-ந் தேதி ஆலை வாசலில் சேர்ந்த கூட்டம் உள்ளே போக மறுத்தது. சுவர் இடிந்தது, சன்னல்கள் நொறுங்கின. கோபம் கம்பெனி மீது மட்டுமல்ல, சங்கத்தின் மீதுந்தான். அதன் பிறகும் பல வாரங்கள் போராடினார்கள்.

சுவரை இடித்ததை நாம் கொண்டாடவில்லை. ஆனால் தொழிலாளியின் தாய்மொழியில் பேசத் தெரியாத சங்கம், அந்தத் தொழிலாளிக்கு இன்னொரு மேஸ்திரிதான். அதே 1973-ல் குடியேறிய தொழிலாளர் மாநாடு ஒன்று மெல்போர்னில் கூடி, மொழிபெயர்ப்பாளரும் வேலை நேரத்திலேயே ஆங்கில வகுப்பும் வேண்டும் என்று கேட்டது. சங்கங்களின் கண் அதன் பிறகே மெல்லத் திறந்தது.

அதே ஆண்டு ஜூலையில், விட்லாம் தலைமையில் நடந்த தொழிற்கட்சி ஆட்சி இறக்குமதித் தீர்வைகளை ஒரே வெட்டில் 25 சதவீதம் குறைத்தது. அடுத்து வந்த உலக மந்தத்தில் நூல், துணி, செருப்பு ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுருங்கின. அங்கே வேலை செய்த பெண்களில் பெரும்பாலோர் வந்தேறிகள். ஆலை மூடியது, தையல் இயந்திரம் வீட்டுக்குள் வந்தது. பின்னாளில் வந்த வியட்நாமியப் பெண்கள் சமையலறை மூலையில் நள்ளிரவு வரை உருப்படிக் கூலிக்குத் தைத்தார்கள். 1990-91 வீழ்ச்சிக்குப் பின் நாடு முழுதும் நூற்றுக்குப் பதினொருவர் அளவுக்கு வேலையின்றி நின்றபோது, வியட்நாமியரிடையே அது பல மடங்கு.

கடைசியில் கார் ஆலைகளே போயின. 2011-ல் சுரங்கச் செழிப்பால் ஆஸ்திரேலிய டாலர் அமெரிக்க டாலரையும் மிஞ்சியது. சுரங்க முதலாளிக்குக் கொண்டாட்டம். வெளியே கார் விற்கும் ஆலைக்குத் திண்டாட்டம். தீர்வையோ 5 சதவீதமாகத் தேய்ந்திருந்தது. பிராட்மெடோசில் போர்டு 2016 அக்டோபர் 7-ல் நின்றது. ஆல்டோனாவில் டொயோட்டா 2017 அக்டோபர் 3-ல். அதே மாதம் 20-ல், அடிலெய்டுக்கு வடக்கே எலிசபெத் நகரில் ஹோல்டன். ஆங்கிலேயக் குடியேறிகளை வைத்தே 1955-ல் எழுப்பிய நகரம் அது! மூன்று கம்பெனிகளும் மூன்றாண்டு முன்னரே தேதி சொல்லிவிட்டுத்தான் மூடின. அந்த அளவுக்கு மரியாதை. ஆனால் ஐம்பது வயதில், கதவு மாட்டுவதும் வண்ணம் அடிப்பதும் மட்டுமே தெரிந்தவனுக்கு, அரைகுறை ஆங்கிலத்தில் எந்தக் கம்பெனி புது வேலை தரும்? ஆலை வாசலில் தேநீர் விற்றவன், முடி வெட்டியவன், உதிரி உறுப்புக்குத் திருகாணி செய்த சிறு பட்டறைக்காரன், இவர்கள் பெயர் எந்த ஆட்குறைப்புப் பட்டியலிலும் வராது.

இதற்கிடையே சர்க்கார் இன்னொரு வேலை செய்தது. புதிதாக நிரந்தரக் குடியுரிமை பெற்று வருவோர், வேலை போனால் உதவித்தொகை கேட்குமுன் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்று 1993-ல் விதித்தார்கள். 1997-ல் அது இரண்டாண்டு. 2019 ஜனவரி முதல் நான்காண்டு. வரி மட்டும் முதல் சம்பளத்திலிருந்தே பிடிப்பார்கள். அதற்குக் காத்திருப்பு ஏதுமில்லை.

2020-ல் கொரோனா வந்தது. தொழிலாளிக்குப் பதினைந்து நாளுக்கு 1,500 டாலர் என்று சம்பள மானியத் திட்டம் அறிவித்தார்கள். தாற்காலிக விசாவில் இருந்த பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோரில், நியூசிலாந்துக்காரர் தவிர மற்றவர்க்கு இல்லை. தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ள முடியாதவர் ஊருக்குத் திரும்ப வேண்டும் என்று ஏப்ரலில் பிரதம மந்திரி மோரிசன் சொன்னார். எல்லை மூடியிருந்தது, விமானம் அரிது. நம் பிள்ளைகள், அதாவது ஓட்டலில் தட்டுக் கழுவியும் வீடு வீடாகச் சோறு கொண்டு கொடுத்தும் படித்த இந்திய மாணவர்கள், இலவச உணவு வரிசையில் நின்றார்கள். மெல்போர்னின் டாண்டெனாங் பகுதியில், முடிவு தெரியாத ‘பிரிட்ஜிங்’ விசாவோடு ஆண்டுக்கணக்கில் ஆலைக் கூலி செய்துவந்த ஈழத்தமிழ் அகதிகளுக்கும் அந்த மானியமில்லை, வேலையில்லாதோர் உதவியுமில்லை.

போகச் சொன்னவர்களே 2022 ஜனவரியில், ஆள் பற்றாக்குறை என்று, விசாக் கட்டணத்தைத் திருப்பித் தருகிறோம், வாருங்கள் என்று மாணவர்களை அழைத்தார்கள். மாணவர் எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் உழைக்கலாம் என்றார்கள். 2023 ஜூலையில், வேறு ஆட்சியில், மீண்டும் கட்டுப்பாடு: இரு வாரத்துக்கு 48 மணி. தேவைக்குத் திறந்து, தேவை தீர்ந்ததும் மூடும் குழாய் போல மனிதனை வைத்திருக்கிறார்கள். குழாய்க்குப் பசி இல்லை, மனிதனுக்கு உண்டு.

வீட்டு வாடகை ஏறினால் யார் காரணம்? வேலை கிடைக்காவிட்டால் யார் காரணம்? 2025 ஆகஸ்ட் 31-ல் சிட்னி, மெல்போர்ன் முதலிய நகரங்களில் குடியேற்றத்தை எதிர்த்து ஊர்வலங்கள் நடந்தன. அதற்காகப் பரப்பிய துண்டறிக்கை இந்தியரைப் பெயர் சொல்லிக் குறி வைத்தது. நூறாண்டில் வந்த கிரேக்கரையும் இத்தாலியரையும்விட ஐந்தாண்டில் வந்த இந்தியர் அதிகம் என்று அதில் கணக்குக் காட்டியிருந்தார்கள். அந்த அறிக்கையில் நல்ல குடியேறிகளாக நிற்பவர்கள், 1952 ஜூலையில் வேலை கேட்டதற்காகப் பட்டாளத்தின் எதிரே நிறுத்தப்பட்ட அதே இத்தாலியர்தாம்.