பாத்ரூம்ல ஓடிப்போற காசு: ஒரு வாளி வச்சு கணக்கு போடுங்க!

மாசச் செலவு நோட்டுல பால், கேஸ், கரண்ட் எல்லாம் எழுதுறோம். பாத்ரூம்ல ஓடுற தண்ணியை எழுதுறோமா? 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்தது ஞாபகம் இருக்கா? அந்த வருஷம் லாரித் தண்ணிக்குக் காத்திருந்தவங்களுக்குத் தெரியும், ஒரு வாளியோட அருமை.

1. குளியல்

ஷவருக்குக் கீழே 20 லிட்டர் வாளியை வச்சு ஒரு நிமிஷம் திறந்து விடுங்க. பாதி வாளி நிரம்பினா, நிமிஷத்துக்கு 10 லிட்டர். 10 நிமிஷம் குளிச்சா 100 லிட்டர். அதே குளியலை ரெண்டு வாளியில, 40 லிட்டர்ல முடிக்கலாம். மிச்சம் 60 லிட்டர். 4 பேர் இருக்கிற வீட்டில் மாசத்துக்கு 7,200 லிட்டர். 12,000 லிட்டர் லாரி வாங்குறவங்களுக்கு இது பாதி லாரிக்கும் மேல! உங்க ஏரியா லாரி விலையைப் போட்டு நீங்களே பாருங்க.

வெந்நீர்னா கரண்டும் சேரும். 60 லிட்டரை 12 டிகிரி சூடாக்க சுமார் 0.8 யூனிட் ஆகும். 4 பேருக்கு, 2 மாச பில்லுல கிட்டத்தட்ட 200 யூனிட்!

2. ஃபிளஷ் டேங்க்

சத்தமே இல்லாம காசைக் கரைக்கிறது இதுதான். டேங்க்ல கொஞ்சம் கேசரி பவுடர் போட்டு, அரை மணி நேரம் ஃபிளஷ் பண்ணாம விடுங்க. கீழே கலர் தண்ணி தெரிஞ்சா லீக் இருக்குன்னு அர்த்தம். பெரும்பாலும் வாஷர் தேய்ஞ்சிருக்கும், உடனே மாத்திடுங்க.

பழைய 10 லிட்டர் டேங்க்கா? தண்ணி நிரப்பி மூடின ஒரு லிட்டர் பாட்டிலை உள்ளே வைங்க. ஒவ்வொரு ஃபிளஷுக்கும் ஒரு லிட்டர் மிச்சம். செங்கல் மட்டும் வேண்டாம். கரைஞ்சு வால்வை அடைச்சிடும்.

3. பல் தேய்க்கும்போது

குழாயை மூடிட்டு ஒரு மக் தண்ணி எடுத்துக்கோங்க. குழந்தைங்களுக்கும் இதையே பழக்குங்க.

அபார்ட்மென்ட்ல இருக்கீங்களா?

தண்ணிச் செலவை எல்லா வீட்டுக்கும் சமமா பிரிச்சா, நீங்க மட்டும் சேமிக்கிறது உங்க பில்லுல பெருசா தெரியாது. அதனால அடுத்த அசோசியேஷன் மீட்டிங்ல எல்லா வீட்டிலயும் கேசரி பவுடர் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க. பக்கத்து வீட்டு லீக்குக்கும் நீங்கதானே காசு கட்டுறீங்க!