அங்குலக் கூலியும் சான்றிதழ்க் கூலியும்

நம் தேவராஜ மொஹல்லாவில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் கல்லூரிக்குச் செல்லும் பிள்ளை இல்லாத வீடு இன்று அரிது. மாலை வேளையில் அவ்வீடுகளுள் எதனுள் நுழைந்தாலும் ஒரு சொல் காதில் விழாமற் போகாது. 'இன்டர்ன்ஷிப்' என்பதே அச்சொல். பயிற்சிப் பணி என்று தமிழிற் சொல்லலாம். படிப்பு முடிவதற்குள் ஏதேனும் ஓர் அலுவலகத்தில் ஒன்றிரண்டு மாதமாவது பணியாற்றி, அதற்குரிய சான்றிதழைக் கல்லூரியில் காட்ட வேண்டுமாம். எங்கே கிடைக்கும், யாரைப் பிடிக்க வேண்டும், அவர்கள் பணம் தருவார்களா, நாம்தாம் தர வேண்டுமா என்று பெற்றோர் கலங்குகின்றனர். பிள்ளைகளோ கைப்பேசியை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டு, "எல்லாம் பார்த்துக்கொள்ளலாம்" என்கின்றனர்.

என் நண்பர் ஒருவர் தேவராஜ அர்ஸ் சாலையில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறார். அவருடைய மகள் இவ்வூர்க் கல்லூரியொன்றில் பத்திரிகைத் துறைப் பாடம் படிக்கிறாள். சென்ற கோடை விடுமுறையில் அவளுக்கு ஒரு பயிற்சிப் பணி கிடைத்தது. ஊர்களைப் பற்றியும் உணவு வகைகளைப் பற்றியும் கட்டுரை வெளியிடும் இணையதள நிறுவனம் அது. அலுவலகம் பெங்களூரில், வேலையோ வீட்டிலிருந்தபடியே. ஊதியம் ஒரு காசும் இல்லை. "அனுபவம் கிடைக்கும், சான்றிதழ் தருவோம்" என்று எழுதியிருந்தார்கள்.

நண்பர் என்னிடம் யோசனை கேட்டார். நான் சற்றும் தயங்காமல், "சேர்ந்துவிடட்டும், சான்றிதழ் வருகிறதே!" என்றேன். மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திவிட்டு ரயில்வேயில் எழுத்தர் வேலைக்கு வந்தவன் நான். முத்திரை குத்திய காகிதத்தின்மேல் என்னைப் போன்றோர்க்கு உள்ள மயக்கத்தை அன்பர்கள் அறிவார்கள். அந்த யோசனைக்காகப் பின்னர் நான் வருந்தினேன்.

நாள் ஒன்றுக்கு மூன்று கட்டுரை என்பது கணக்கு. அவற்றுள் ஒன்று நம் தேவராஜா மார்க்கெட்டைப் பற்றியது. அங்கே காண வேண்டியவை பத்து என்று எழுதித் தரும்படி கேட்டிருந்தார்கள். அவள் வீட்டுப் படியிலிருந்து இறங்கி நடந்தால் பத்து நிமிடத்தில் மார்க்கெட்டின் பூக்கடை வரிசை. "ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு எழுதட்டுமா?" என்று கேட்டாளாம். மேற்பார்வை செய்த இளைஞர், "அதற்கெல்லாம் நேரம் இல்லை. மற்ற தளங்களில் இருப்பதைப் பார்த்து, வார்த்தைகளை மட்டும் மாற்றி எழுதிவிடு, இரண்டு மணிக்குள் வேண்டும்" என்று விடை அனுப்பினார். அவளும் எழுதினாள். மார்க்கெட் வாயிலில் நிற்பது 1927-ஆம் ஆண்டு கட்டிய வெள்ளிவிழா மணிக்கூண்டு என்று அதில் ஒரு வரி.

இவ்வூரில் நெடுநாள் வாழ்வோர்க்கு இப்பிழை உடனே புலப்படும். மார்க்கெட் எதிரே நிற்பது சின்ன கடியாரம்; டஃப்ரின் பிரபுவின் பெயர் தாங்கியது. நான்காம் கிருஷ்ணராஜ உடையார் ஆட்சியேற்று இருபத்தைந்து ஆண்டு நிறைந்ததன் நினைவாக அரண்மனை ஊழியர்கள் எழுப்பிய வெள்ளிவிழா மணிக்கூண்டு தொட்ட கடியாரம். அது டவுன்ஹால் அருகே இருக்கிறது. அதன் முகத்தில் எண்கள் கன்னட எழுத்தில் இருக்கும். இரண்டுக்கும் இடையே நடந்து செல்லும் தூரந்தான். நான் இதைச் சொன்னதும் அப்பெண்ணின் முகம் வாடிவிட்டது. குழந்தைப் பருவம் முதல் இரண்டு மணிக்கூண்டுகளையும் நாள்தோறும் கண்டு வளர்ந்தவள் அவள்! அன்றிரவே திருத்தம் கேட்டு எழுதினாள். "அந்தப் பக்கத்தை நிறையப் பேர் பார்க்கிறார்கள், இப்போது கை வைக்க வேண்டாம்" என்று பதில் வந்தது.

"மாமா, நான் எழுதிய ஊர்களில் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. பார்த்த ஊரையும் பாராதவளைப் போலத்தான் எழுதினேன்" என்றாள் அவள்.

எங்கள் ரயில்வே பார்சல் அலுவலகத்தில் மூட்டையைத் தராசில் ஏற்றாமல் சீட்டில் எடை எழுதினால், எழுதியவன் விளக்கம் சொல்லியாக வேண்டும். ஊர் முழுதும் படிக்கும் செய்திக்கு அந்தத் தராசு எங்கே போயிற்று என்பதே என் வியப்பு.

ஆயினும் இணையத்தின் குற்றம் என்று முழுதையும் இளைஞர் தலையில் சுமத்துவது நியாயம் அன்று. நம் குடும்பங்கள் சேர்ந்துள்ள வாட்ஸ்அப் குழுவைப் பாருங்கள். நமது தேசிய கீதத்தை உலகிலேயே சிறந்ததென்று யுனெஸ்கோ அறிவித்துவிட்டதாக ஆண்டுதோறும் ஒரு செய்தி உலவுகிறது. அப்படி ஓர் அறிவிப்பே நிகழவில்லை. பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப மறுக்கப்பட்ட புரளி அது. சென்ற சுதந்திர தினத்தன்று நம்மவர் ஒருவர் அதை அனுப்ப, இப்பெண் பணிவாக மறுப்பு எழுதினாள். உடனே, பெரியவர்களுக்குப் பாடம் சொல்கிறாளே என்று சிலர் சினந்தனர். அவள் குழுவிலிருந்து விலகிக்கொண்டாள். அனுப்பியவர் இன்னும் அனுப்பிக்கொண்டிருக்கிறார்.

அவள் மனம் சோர்ந்திருந்த அந்நாளில், இதே மைசூரில் பத்திரிகைத் தொழில் பழகிய ஒருவரைப் பற்றி அவளுக்குச் சொன்னேன். அவர் ஆர். கே. நாராயண். 1906-இல் சென்னையிற் பிறந்தவர். தந்தை இங்கே மகாராஜா கல்லூரியைச் சார்ந்த உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியர். பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் முதன்முறை தவறி, ஓராண்டு வீட்டிலிருந்து, பிறகு மகாராஜா கல்லூரியிற் பயின்று 1930-இல் பட்டம் பெற்றார். சில காலம் பள்ளி ஆசிரியர் வேலை. உடற்பயிற்சி ஆசிரியருக்குப் பதிலாக நிற்கச் சொன்னதும் அதை உதறிவிட்டார். எழுத்தினால் முதலாண்டு அவர் ஈட்டியது ஒன்பது ரூபாய் பன்னிரண்டு அணா!

திருமணமான பிறகு குடும்பச் செலவுக்காக, சென்னையிலிருந்து வெளிவந்த 'ஜஸ்டிஸ்' பத்திரிகைக்கு மைசூர் நிருபரானார். பிராமணரல்லாதார் உரிமைக்காக நடந்த ஏடு அது. நிருபரோ ஐயர் வீட்டுப் பிள்ளை. காலையில் எழுந்து நீதிமன்றம், கடைத்தெரு, நகரசபை என்று அலைவார். செய்தி திரட்டி வீட்டுக்கு வந்து தட்டச்சு செய்து, தபால் கட்டுவதற்குள் கொண்டு சேர்ப்பார். வெளிவந்த செய்தியைப் பத்தியின் நீளப்படி அங்குலக் கணக்கில் அளந்து கூலி தந்தார்கள். செய்தி நீண்டால் கூலி கூடும். ஆதலால் கொலை வழக்குகள் அவருக்குக் கைகொடுத்தனவாம். 'மை டேஸ்' என்னும் தன்வரலாற்றில் இவற்றையெல்லாம் அவரே நகைச்சுவையோடு எழுதியிருக்கிறார். கூலி சிறிதுதான், அதுவும் ஒழுங்காக வந்து சேர்ந்ததென்று சொல்ல முடியாது. ஆனால் கூலி என்று ஒன்று உண்டு. அதை அளக்க ஒரு கோல் உண்டு. அந்த அலைச்சலில் அவர் கண்ட மனிதர்களை வேறு எந்தக் கல்லூரி காட்டியிருக்கும்? 1935-இல் 'சுவாமியும் நண்பர்களும்' இலண்டனில் வெளியாயிற்று. யாதவகிரியில் அவர் கட்டி வாழ்ந்த வீடு 2016 முதல் நினைவில்லமாக உள்ளது. பிள்ளைகளை ஒருநாள் அழைத்துச் செல்லலாம்.

அவருடைய தம்பி ஆர். கே. லட்சுமண் கதை இன்னும் சுவையானது. மும்பை ஜே. ஜே. ஓவியக் கல்லூரி இடந்தர மறுத்துவிட்டது. மகாராஜா கல்லூரியில் மாணவராயிருந்த காலத்திலேயே 1942-இல் தொடங்கிய 'கொரவஞ்சி' என்ற கன்னட நகைச்சுவை ஏட்டுக்குப் படம் வரைந்தார். அண்ணனுடைய கதைகளுக்கும் வரைந்தார். ஒரு விடுமுறையில் சென்னைக்குச் சென்று, எஸ். எஸ். வாசனின் ஜெமினி ஸ்டுடியோவில் வேலை பார்த்தார். இன்றைய பேச்சில் அதற்குப் பெயர்தான் இன்டர்ன்ஷிப்! பிறகு மும்பை 'பிரீ பிரஸ் ஜர்னல்'. 1947 முதல் 'டைம்ஸ் ஆப் இந்தியா'. கட்டம் போட்ட கோட்டு அணிந்த அவருடைய சாமானியனை அறியாதார் உண்டோ?

மூன்றாவதாக ஒருவரையும் சொன்னேன். மகாராஜா கல்லூரியில் உளவியல் பேராசிரியராயிருந்த டாக்டர் எம். வி. கோபாலசுவாமி, 1935 செப்டம்பர் 10-இல் தம் வீட்டிலேயே ஒரு வானொலி நிலையத்தைத் தொடங்கினார். ஒலிபரப்புக் கருவியின் திறன் 30 வாட். ஒரு சிறு மின்விளக்குக்குரிய அளவு. 'ஆகாசவாணி' என்று அந்நிலையத்துக்குப் பெயர். பின்னர் மைசூர் அரசு அதை ஏற்றுக்கொண்டது. 1950-களில் அந்தப் பெயரையே அகில இந்திய வானொலி தனக்கும் சூடிக்கொண்டது. இதைக் கேட்டதும் அப்பெண், "அப்படியானால் நம் ஊரின் முதல் யூட்யூபர் அவர்தாம், மாமா!" என்று கைகொட்டிச் சிரித்தாள். பல நாட்களுக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றுதான்.

பெற்றோர் அறிய வேண்டிய சட்டச் செய்தி ஒன்றும் உண்டு. அசோகபுரத்து ரயில்வே பணிமனையில் 'அப்ரண்டிஸ்' என்று பயிற்சி பெறும் ஐ.டி.ஐ. இளைஞர்களை நம்மிற் பலர் அறிவோம். 1961-ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டப்படி அவர்களுக்கு ஒப்பந்தம் உண்டு. மாதந்தோறும் உதவித்தொகை தந்தே ஆக வேண்டும். கல்லூரி மாணவர் பிடித்துக்கொண்டு வரும் இன்டர்ன்ஷிப்புக்கு அத்தகைய காவல் பெரும்பாலும் இல்லை. கணினி படிப்போர்க்குச் சில பெரிய நிறுவனங்கள் தக்க தொகை தருகின்றன. கலைப் பாடம் படிப்போர்க்குப் பெரும்பாலும் வெறுங்கைதான். மத்திய அரசு 2024-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் பிரதம மந்திரி பயிற்சிப் பணித் திட்டத்தை அறிவித்து, அக்டோபரில் முன்னோட்டமாகத் தொடங்கியது. பெரிய நிறுவனங்களில் ஓராண்டுப் பயிற்சி. மாதம் 5,000 ரூபாய். ஆயின் அப்போது வகுத்த விதிப்படி, முழுநேரம் படித்துக்கொண்டிருப்போர் அதிற் சேர முடியாது. பெற்றோரில் ஒருவர் நிரந்தர அரசு ஊழியராயிருந்தாலும் முடியாது. எங்கள் ரயில்வே காலனிப் பிள்ளைகளுக்குக் கதவு அங்கேயே அடைத்துவிட்டது. 'சேர்வதற்குக் கட்டணம் அனுப்புக' என்று கேட்கும் நிறுவனங்கள் வேறு முளைத்திருக்கின்றன. அன்பர்கள் அவற்றின் பக்கமே தலைவைத்துப் படுக்க வேண்டாம்.

வேறோர் அச்சமும் பிள்ளைகளின் மனத்தில் உண்டு. 2022-ஆம் ஆண்டின் இறுதியில் சாட்ஜிபிடி வந்தது முதல், இருப்பதைப் பார்த்து வார்த்தை மாற்றி எழுதும் வேலையை இயந்திரமே நொடியில் செய்துவிடுகிறது. அந்த நிறுவனம் அடுத்த கோடையில் மாணவரையே அழைக்காது என்று அப்பெண் சொல்கிறாள். அப்படியானால் அந்த இரண்டு மாதத்தில் அவள் கற்றது, இயந்திரத்துக்கும் தெரிந்த வித்தைதான். பூக்காரம்மாளிடம் போய் இன்று மொட்டு என்ன விலை என்று கேட்க இயந்திரத்துக்குக் கால் இல்லை.

அவளுக்குக் கால் இருந்தது. ஒருநாள் விடியற்காலை ஆறு மணிக்குக் குறிப்பேட்டோடு மார்க்கெட்டுக்குப் போனாள். பூ, வெற்றிலை, குங்குமம், நஞ்சன்கூடு ரசவாழை என்று கடைகடையாக நின்று பேசினாள். 2016 ஆகஸ்டில் கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்ததைக் கண்ட வியாபாரிகள் சொன்னவற்றை எழுதிக்கொண்டாள். பிறகு தொட்ட கடியாரம் வரை நடந்து, திரும்பச் சின்ன கடியாரத்துக்கு வந்தாள். 'இரண்டு கடியாரங்கள்' என்ற தலைப்பில் தமிழில் ஒரு கட்டுரை எழுதி என்னிடம் தந்தாள். நம் மாத இதழுக்குத் தகுமா என்று கேட்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நம் இதழும் எழுதுவோர்க்கு இதுவரை ஒரு காசும் தந்ததில்லை! செயற்குழுவில் இதை எடுத்தேன். "சங்கத்துக்கு எழுதுவது தமிழ்த்தொண்டு, அதற்கும் விலையா?" என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். அவர் கேட்டதில் பொருள் இல்லாமலில்லை. உத்தியோகத்தில் இருக்கும் நாம் ஓய்வு நேரத்தில் எழுதுவது தொண்டுதான். ஆனால் பேருந்துச் சீட்டுக்குத் தந்தையிடம் கையேந்தும் மாணவரிடம் வேலை வாங்கிக்கொண்டு அனுபவம் என்று சொல்லி அனுப்பினால், பெங்களூர் நிறுவனத்துக்கும் நமக்கும் என்ன வேற்றுமை என்று நான் கேட்டேன். இரண்டு கூட்டம் இதே பேச்சாக நடந்தது. முடிவில், கல்லூரி மாணவர் எழுதும் கட்டுரைக்கு மட்டும் பத்தி அங்குலத்துக்குப் பன்னிரண்டு ரூபாய் என்று தீர்மானமாயிற்று. எதிர்த்தவரும் கையெழுத்திட்டார்.

'இரண்டு கடியாரங்கள்' அடுத்த இதழில் வருகிறது. அச்சுப் படி வந்ததும் செயலாளர் தம் பேரனின் அடிக்கோலை வாங்கித் தாமே அளந்தார். தலைப்பைச் சேர்த்து அளப்பதா, விட்டு அளப்பதா என்று சிறிது வாக்குவாதம் எழுந்தது. சேர்த்தே அளந்தோம். பதினேழு அங்குலம், இருநூற்று நான்கு ரூபாய்.