சீதாவாக்கையின் கல்லும் கதையும்

கொழும்பிலிருந்து இரத்தினபுரிக்குச் செல்லும் நெடுஞ்சாலை அவிசாவளையைக் கடந்து எஹலியகொட வழியாகச் செல்கிறது. இருமருங்கும் இறப்பர்த் தோட்டங்கள், இடையிடையே வயல்கள், அப்பால் மேகந் தவழும் மலைகள். இவ்வழியே செல்வோருட் பெரும்பாலார் சிவனொளிபாத மலையை நோக்கியோ இரத்தினபுரி நகரை நோக்கியோ விரைபவர்கள். பழம்பெருமை காண விழைவோர் அநுராதபுரத்தையும் பொலன்னறுவையையும் நாடுவர். ஆயின், நின்று பார்ப்பவர்க்கு இச்சிறு நிலப்பரப்பும் பல செய்திகளைச் சொல்லும்.

1521ஆம் ஆண்டிலே கோட்டை இராச்சியத்து அரசன் விஜயபாகு கொலையுண்டான். மைந்தர் மூவரும் நாட்டைப் பங்கிட்டனர். இளையவனாகிய மாயாதுன்னை பெற்ற பகுதியின் தலைநகரே இன்றைய அவிசாவளையை அடுத்த சீதாவாக்கை. அவன் மகன் முதலாம் இராசசிங்கன் 1581 முதல் 1593 வரை ஆண்டான். போர்த்துக்கேயரை எதிர்த்துப் பொருத மன்னருள் தலைசிறந்தவன் அவன். 1587இல் பெரும்படையுடன் கொழும்பை வளைத்து, மாதக்கணக்காக முற்றுகையிட்டான்.

அவன் பெயரை இன்றும் நினைவூட்டி நிற்பது சீதாவாக்கை ஆற்றங்கரை மேட்டிலுள்ள பெரெண்டி கோவில். பைரவருக்கென எழுப்பப்பட்ட இக்கோவில் நிறைவு பெறவேயில்லை. கூரையில்லை, விமானமில்லை. கருங்கல்லாலான அடித்தளமும், திராவிடச் சிற்ப முறைப்படி நுணுக்கமாகச் செதுக்கிய அரைத்தூண்களுமே எஞ்சியுள்ளன.

சிங்கள மன்னன் ஒருவன் சிவாலயம் எடுத்தது ஏன்? தந்தையைக் கொன்ற பழி தீரச் சைவத் துறவிகளை அடைந்தான் என்றும், சிவனொளிபாத மலையை அவர்கள் பொறுப்பில் விட்டான் என்றும், பிக்குகளைத் துன்புறுத்தினான் என்றும் சூளவம்சம் கூறுகிறது. ஆனால் இப்பகுதி நெடுங்காலத்தின் பின்னர், பௌத்த பிக்குகளால் எழுதப்பட்டதாகும். மாயாதுன்னை முதிர்ந்த வயதிலேயே இறந்தான். ஆதலின் தந்தைக் கொலைக் கதையை வரலாற்றாசிரியர் பலர் ஐயுறுகின்றனர். எனினும் மன்னன் சைவத்தைத் தழுவியதற்கு அக்கோவிலே சான்று.

அதே அரசின் எல்லைக்குள்ளேதான் குருவிற்றைக்கு அண்மையிலுள்ள தெல்கமுவை விகாரையும் இருக்கிறது. கோட்டை மன்னன் தர்மபாலன் 1557இல் கிறித்தவனானபின், புத்தரின் தந்தச் சின்னம் கோட்டையிலிருந்து அகற்றப்பட்டு இவ்விகாரையிலே குரக்கன் அரைக்கும் திரிகைக் கல்லினுள் மறைத்துக் காக்கப்பட்டதென்பது மரபு. பின்னர் அது கண்டியை அடைந்தது. சைவக் கோவிலை எழுப்பிய நாடே தந்தச் சின்னத்துக்கும் புகலிடமாயிற்று. மன்னனின் சமயம் வேறு, மக்களின் சமயம் வேறு என்று எளிதாகக் கோடு கிழிக்க இயலாத காலம் அது.

குருவிற்றைப் பக்கத்து மலைச்சாரலிலுள்ள பட்டதொம்பலென குகையோ இன்னும் பழைமையானது. அங்கு நிகழ்ந்த அகழ்வுகளில் முப்பதாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட மனித வாழ்வின் தடயங்கள் கிடைத்தன. கற்கருவிகளோடு கடற்சிப்பிகளும் அங்கே காணப்பட்டன. மலைக்காட்டு மக்களுக்குக் கடற்கரையோடு அன்றே தொடர்பிருந்தது என்பதற்கு அவை சான்றாகும்.

இரத்தினபுரியை அடைந்தால் சமன் தேவாலயம். அங்கே ஒரு கற்சிற்பம் உண்டு: வாளேந்திய போர்த்துக்கேய வீரன் ஒருவன் சிங்கள வீரனை மிதித்து நிற்கிறான். வென்றவர் தம் பெருமைக்காகச் செதுக்கிய கல், தோற்றவரின் தேவாலயத்திலேயே இன்று பாதுகாக்கப்படுகிறது.

முன்பு இத்தலங்களையெல்லாம் ஒரே புகையிரதப் பாதை இணைத்தது. களனிப் பள்ளத்தாக்கின் குறுகிய பாதை 1902இல் அவிசாவளையையும், 1912இல் எஹலியகொட வழியாக இரத்தினபுரியையும் அடைந்தது. தேயிலையும் இறப்பரும் அதிலேயே கொழும்புக்குச் சென்றன. அவிசாவளைக்கு அப்பாற்பட்ட பகுதி 1970களில் மூடப்பட்டது. இன்று பஸ் வண்டியே துணை. மழை குறைந்த தை, மாசி மாதங்கள் பயணத்துக்கு ஏற்றவை.

இத்தோட்டங்களில் வாழும் தமிழரின் முன்னோர் பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் இங்கு வந்து மாரியம்மனுக்கும் முருகனுக்கும் கோவில் அமைத்தனர். அவர்கள் வருவதற்கு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்னரே, பக்கத்து ஆற்றங்கரையில் சிங்கள மன்னன் ஒருவன் பைரவருக்குக் கல் அடுக்கியிருந்தான். தோட்டத்துப் பிள்ளைகளும் அயற்கிராமத்துப் பிள்ளைகளும் ஒரு நாளாவது பெரெண்டி கோவிலின் படிகளில் ஒருங்கே அமர்ந்து அக்கதையைக் கேட்பார்களாயின், எவருடைய நிலம், எவருடைய கோவில் என்னும் கேள்விக்கு நூல்கள் தராத விடையொன்றை அக்கற்கள் தரக்கூடும்.