விவசாயப் பள்ளிப் பையன்கள் போட்ட போடு

“பத்தாவது முடித்த மகனை மேல்நிலையில் வேளாண் அறிவியல் பிரிவில் சேர்க்க நினைக்கிறேன். ‘மார்க் வராத பையன்தான் அந்தக் குரூப்புக்குப் போவான்’ என்று சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள். என்ன செய்யலாம்?” அத்திப்பட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்த கேள்வி இது.

தாராளமாகச் சேர்க்கலாம். தொழிற்கல்விப் பிரிவில் வேளாண்மை படித்தவர்களுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகச் சேர்க்கையில் தனி ஒதுக்கீடு உண்டு. எந்தப் படிப்புக்கு எத்தனை இடம் என்பதை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். நம் மாவட்டத்திலேயே திரூரில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. மகனையும் கூட்டிக்கொண்டு ஒருநாள் போய்ப் பேசிவிட்டு வாருங்கள்.

பாடப்பிரிவு விஷயம் அவ்வளவுதான். அந்தச் சிரிப்பு இருக்கிறதே, அதற்கு வேறு இடத்திலிருந்து பதில் சொல்ல வேண்டும். 2018 ஆகஸ்டில் ஜப்பான் நாடே தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து ஒரு விவசாயப் பள்ளியின் பேஸ்பால் ஆட்டத்தைப் பார்த்த கதை அது.

பள்ளியின் பெயர் கனாஆஷி நோக்யோ. ஜப்பானிய மொழியில் நோக்யோ என்றால் விவசாயம். 1928-ல் தொடங்கிய அரசுப் பள்ளி, வட ஜப்பானில் அகிதா மாகாணத்தில் இருக்கிறது. அகிதாவை நமக்குப் புரிகிற மாதிரி சொல்வதானால், அது ஒரு நெல் சீமை. குளிர்காலத்தில் பனி மூடிவிடும். மற்ற மாதங்களில் எங்கு பார்த்தாலும் வயல். பள்ளிக்குச் சற்று வடக்கே ஹச்சிரோகாட்டா என்று ஓர் உப்பங்கழி ஏரி இருந்தது, நம் பழவேற்காடு மாதிரி. பழவேற்காடு இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்பங்கழி ஏரி. ஹச்சிரோகாட்டா அன்று ஜப்பானின் இரண்டாவது பெரிய ஏரியாக இருந்தது. 1957-ல் வேலை தொடங்கி, அணை கட்டித் தண்ணீரை இறைத்து, அதன் பெரும்பகுதியை நெல் வயலாக்கிவிட்டார்கள். இங்கே வயல் இருந்த இடத்தில் அனல் மின் நிலையமும் கம்பெனிகளும் வந்தன. அங்கே ஏரி இருந்த இடத்தில் வயல் வந்தது. அதில் மீனவர்கள் இழந்தது என்ன என்பது தனியாக எழுத வேண்டிய கதை.

நமக்குத் திரூரிலிருந்து டி.கே.எம். நெல் ரகங்கள் வந்த மாதிரி, அவர்களுக்கு 1984-ல் ‘அகிதகோமாச்சி’ என்ற ரகம் வந்தது. இன்றும் ஜப்பானில் பேர் சொல்லி வாங்குகிற அரிசி. ஆனால் அரிசிக்குப் பேர் இருந்து என்ன பயன்? மக்கள்தொகையில் முதியோர் பங்கு ஜப்பானிலேயே அதிகமாக இருப்பது அகிதாவில்தான். இளவட்டங்கள் டோக்கியோவுக்கு ரயில் ஏறிவிடுகிறார்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கத்தில் குடியிருக்கும் நமக்கு இது புதிதல்ல.

அந்த நாட்டில் பள்ளி பேஸ்பால் என்பது நம் ஊர் கிரிக்கெட்டையும் கபடியையும் திருவிழாவையும் சேர்த்துக் கட்டிய மாதிரி. 2018-ல் நாடு முழுக்க 3,700-க்கும் மேற்பட்ட அணிகள் மாகாண அளவில் மோதின. ஒருமுறை தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வென்றவர்கள் ஆகஸ்டில் கோஷியென் என்ற மைதானத்துக்குப் போவார்கள். 1924-ல் கட்டிய மைதானம், நாற்பதாயிரத்துக்கும் மேல் கூட்டம் கொள்ளும். பெரிய தனியார் பள்ளிகள் பல மாகாணங்களிலிருந்து திறமையான பையன்களைப் பொறுக்கியெடுத்து, விடுதியில் வைத்துப் பழக்கும். கனாஆஷி அணியில் இருந்தவர்களோ எல்லாரும் அகிதா பையன்கள். வகுப்பு நேரத்தில் வயலும் பண்ணையும், சாயங்காலம் பேஸ்பால். பனிக்காலத்தில் மைதானம் மூடிவிடும் என்பதால் முழங்கால் பூட்ஸ் போட்டுக்கொண்டு பனியிலேயே ஓடிப் பழகினார்கள்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. மூன்று தளங்களைச் சுற்றி ஓடி, மட்டை பிடித்த இடத்துக்கே திரும்பி வந்தால் ஓர் ஓட்டம். இரண்டு அணிகளும் ஒன்பது சுற்று மாறி மாறி அடிக்கும். மூன்று பேர் அவுட்டானால் அந்தச் சுற்றில் அவர்கள் முறை முடிந்தது. பந்தை ஓங்கி அடிக்காமல் மட்டையைச் சும்மா காட்டி மெதுவாக உருட்டிவிடுவது ஒரு வித்தை. அடித்தவர் பெரும்பாலும் அவுட்டாகிவிடுவார். ஆனால் தளத்தில் நிற்கிற கூட்டாளி ஒரு தளம் முன்னேறிவிடுவார். கைத்தட்டல் கிடைக்காத வேலை. இந்த அணி அதைத்தான் வருஷம் பூராவும் பழகியிருந்தது.

2018-ல் நடந்தது நூறாவது போட்டி. முதல் இரண்டு ஆட்டங்களில் ககோஷிமா, ஓகாக்கி அணிகளை வென்றபோது பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. மூன்றாவது ஆட்டம் ஆகஸ்ட் 17-ல், யோகோஹாமா பள்ளியோடு. ஜப்பானின் பேர்போன பந்துவீச்சாளர் மட்சுசாக்கா படித்த பள்ளி அது, பலமுறை சாம்பியன். எட்டாவது சுற்றில் 2-4 என்று கனாஆஷி பின்தங்கியிருந்தது. தளங்களில் இருவர் நிற்க, தகஹாஷி என்ற பையன் அடித்த பந்து மைதானத்துக்கு நேர் பின்னால் போய் விழுந்தது. மூன்று ஓட்டம், 5-4. பள்ளி வாழ்க்கையில் அதற்கு முன் அவன் ஒரு ஹோம் ரன்கூட அடித்ததில்லை. கடைசிச் சுற்றில் பந்துவீச்சாளன் கோசெய் யோஷிதா மூன்று பேரையும் மட்டையில் பந்து படாமலே வெளியேற்றினான். அன்று மட்டும் அவன் வீசியது 164 பந்து.

மறுநாளே காலிறுதி, ஓமி பள்ளியோடு. கடைசிச் சுற்றில் 1-2 என்று தோல்வி வாசலில் நின்றார்கள். மூன்று தளத்திலும் ஆள், ஒருவரும் அவுட்டில்லை. மட்டைக்கு வந்தவன் வரிசையில் ஒன்பதாவது, அதாவது கடைசி. அவன் ஓங்கவில்லை. மட்டையைக் காட்டினான். பந்து மூன்றாம் தளப் பக்கமாக உருண்டது. அங்கே நின்றவர் எடுத்து முதல் தளத்துக்கு எறிந்தார், அடித்தவன் அவுட். அதற்குள் மூன்றாம் தளத்துக்காரன் ஓடிவந்துவிட்டான், 2-2. அத்தோடு நிற்கும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் இரண்டாம் தளத்தில் நின்றவன் மூன்றாம் தளத்தில் நிற்கவேயில்லை. பந்து குறுக்கே பறந்துகொண்டிருந்த அந்த இடைவெளியில் இவன் நேரே ஓடிவந்து, தலைகுப்புறப் பாய்ந்து கையால் தொட்டான். 3-2. ஓமியின் பந்துபிடிப்பாளர் மண்ணில் கவிழ்ந்தவர் நெடுநேரம் எழவில்லை. அந்தக் காட்சியைப் பார்க்கும்போது வென்றவர்களைவிட அவர்மீதுதான் நமக்குக் கண் போகிறது.

பெரிய அடிக்கு ஒருநாள் அதிர்ஷ்டம் கைகொடுக்கலாம். இது அப்படி வந்ததல்ல. முதல் தளத்துக்கு எறிகிற பந்து போய்த் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டு, ஆயிரம் முறை ஓடிப் பார்த்தவர்களால்தான் முடியும்.

அரையிறுதியில் டோக்கியோவின் நிஹோன் பல்கலைக்கழக மூன்றாம் பள்ளியையும் 2-1 என்று வீழ்த்தினார்கள். அகிதாவிலிருந்து ஓர் அணி இறுதிக்குப் போனது 1915-ல் நடந்த முதல் போட்டியில்தான். அதன் பிறகு 103 வருஷம் கழித்து இப்போது. இடையில் 1984-ல், அகிதகோமாச்சி நெல் வந்த அதே வருஷம், இதே பள்ளி அரையிறுதி வரை வந்து 2-3 என்று தோற்றிருந்தது. இவ்வளவு நாள் வெளியூரில் தங்க வேண்டிவரும் என்று யாரும் எதிர்பார்க்காததால் ஆதரவாளர்களின் பயணச் செலவுக்குப் பணம் போதாமல், பழைய மாணவர்களிடமும் ஊராரிடமும் நன்கொடை கேட்டார்கள், வந்து குவிந்தது. போட்டி நடந்துகொண்டிருந்தபோது பள்ளிப் பண்ணையில் ஒரு பன்றி ஒன்பது குட்டி போட்டது. ஒரு அணிக்கு ஒன்பது பேர் என்பதால் அதுவும் செய்தியானது!

இறுதி ஆட்டம் ஆகஸ்ட் 21. எதிரே ஒசாகா தோயின். அந்த அணியிலிருந்து நான்கு பேர் அந்த வருஷமே தொழில்முறை அணிகளுக்குப் போனார்கள் என்றால் அதன் பலத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். 13-2 என்று கனாஆஷி தோற்றது. ஐந்து சுற்றில் 12 ஓட்டம் கொடுத்துவிட்டு யோஷிதா பந்தை வேறொருவனிடம் கொடுத்தான். அந்தப் போட்டியில் அதுவரை அவன் வீசியது 881 பந்து. மாகாணச் சுற்றையும் சேர்த்தால் 1,517.

இந்த எண்ணைப் பலரும் வீரம் என்று எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஐந்து நாளில் நான்கு ஆட்டம், நான்கிலும் அதே தோள்பட்டை. ஒரே மாட்டை ஓயாமல் ஏரில் பூட்டினால் என்ன ஆகும் என்று உழவனுக்குத் தெரியும். மாற்று ஆள் வைத்துக்கொள்ள வசதியில்லாத சின்னப் பள்ளியின் கஷ்டமும் அதில் இருக்கிறது. ஜப்பானிலும் இதைப் பற்றிப் பெரிய விவாதம் எழுந்தது. வாரத்துக்கு 500 பந்துக்கு மேல் ஒருவர் வீசக்கூடாது என்ற விதி 2020-லிருந்து வந்தது.

கோஷியெனில் தோற்கிற அணி மைதானத்தின் கறுப்பு மண்ணைப் பையில் அள்ளி வீட்டுக்குக் கொண்டுபோவது வழக்கம். வயலில் வேலை பழகிய பையன்களும் குனிந்து அள்ளினார்கள். ஊர் திரும்பியபோது வரவேற்கப் பெருங்கூட்டம். லாசன் என்ற கடைத்தொடரோடு சேர்ந்து பள்ளி மாணவர்கள் முன்பே உருவாக்கியிருந்த பேன்கேக்கை அந்தக் கடைக்காரர்கள் மறுபடி விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். மதிப்புக்கூட்டல் பற்றி இந்த இதழில் மாதாமாதம் எழுதுகிறோமே, அதைப் பள்ளிப் பிள்ளைகள் செய்து வைத்திருந்தார்கள்.

இதனால் அகிதாவில் இளைஞர்கள் வெளியேறுவது நின்றுவிட்டதா என்றால், இல்லை. ஓர் ஆட்டம் அதையெல்லாம் மாற்றாது. ஆனால் ‘விவசாயப் பள்ளியா?’ என்று அங்கே யாராவது இழுத்துக் கேட்டால், பதிலுக்கு அந்த இரண்டு ஓட்டத்தைச் சொல்லலாம்.

யோஷிதாவின் அப்பாவும் அதே பள்ளியில் பந்து வீசியவர்தான். அண்ணனின் ஆட்டம் நாடறிந்த பிறகு தம்பி தைக்கியும் அங்கேயே சேர்ந்தான். 2024-ல் அவன் பந்து வீச, கனாஆஷி மறுபடி கோஷியென் போய் முதல் ஆட்டத்திலேயே தோற்றது. 2025-லும் போனது. அந்த முறை 0-1 என்று அவர்களை வென்ற ஒகினாவா பள்ளிதான் கடைசியில் கோப்பையை எடுத்தது.